சொல்லாமல் விட்ட ஆமென்

எங்கள் வீட்டில் ஜெபம் முடியுமுன் எவரும் சோற்றைத் தொட்டதில்லை. ஒருவர் ஜெபிப்பார்; மற்றவர்கள் தலை குனிந்திருப்பார்கள்; முடிவில் எல்லோரும் சேர்ந்து ஆமென் என்ற பிறகே கை சோற்றுக் கோப்பைக்குப் போகும். அப்பா காலமானபின் அந்த ஜெபம் என் பொறுப்பாயிற்று. நான் அப்போது உடுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவளாயினும் பழைய சைவ அடியார்களின் பாடல்களில் ஊறியவள். ஆண்டவரை அழைக்க வாய் திறந்தால் அந்தத் தமிழே முன்னே வந்து நிற்கும். அப்பாவும் அப்படித்தான் ஜெபித்தார். அவர் குரல் உருகும் இடத்தில் என் குரலும் உருகப் பழகியிருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு, வெங்காயம் நடுகிற காலத்தில், என் தம்பி மருதனார்மடத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்து நீர்த்தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றான். அது புதிதாய்த் தொடங்கிய ஒரு சிறு சபை. குழந்தையில் போதகர் ஐயர் நெற்றியில் தெளித்த தண்ணீர் இரட்சிப்புக்கு உதவாது என்பது அவர்களின் போதனை. அன்று அவன் ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தான். அவன் முகத்தில் இருந்த ஒளியைப் பொய்யென்று சொல்லமாட்டேன். அதன்மேல் எனக்குப் பொறாமை எழுந்ததையும் மறைக்கமாட்டேன்.

மத்தியானம் சாப்பிட இருந்தோம். நான் ஜெபித்து முடித்தேன். அம்மா ஆமென் என்றார். தம்பியின் உதடு அசையவில்லை.

"என்ன தம்பி, தொண்டை கட்டிப்போச்சோ?"

"கோவியாதேங்கோ அக்கா. நீங்கள் சொன்னது பாட்டு. இரட்சிக்கப்படாத ஆக்களின்ரை ஜெபத்துக்கு நான் எப்பிடி ஆமென் சொல்லுறது?"

"அப்ப, அப்பா ஜெபிச்சதும் பாட்டுத்தானோ?"

அவன் சோற்றைத் தொடவில்லை.

அம்மா சொதிச் சட்டியை இழுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். "நியாயத்தீர்ப்பிலை ஆர் வலப்பக்கம், ஆர் இடப்பக்கமெண்டு நீங்கள் அங்கை போய்ப் பாருங்கோ. இஞ்சை சொதி ஆறுது. நான் ரெண்டு ஆமென் சொல்லுறன். ஒண்டு எனக்கு, ஒண்டு உவனுக்கு." சொன்னபடியே இன்னொரு ஆமென் சொல்லிவிட்டு, அவன் கோப்பையில் சொதியை ஊற்றினார். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டான்.

அதன்பின் ஆறு ஆண்டுகள் அம்மா இரண்டு ஆமென் சொல்லி வந்தார். தலைக்கு மேல் பொம்பர் விமானங்கள் இரைந்த நாட்களில், முற்றத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் முழங்காலோடு முழங்கால் முட்ட நாங்கள் மூவரும் குந்தியிருந்தபோதும், என் ஜெபத்தின் முடிவில் அந்த இரண்டும் தவறாமல் வந்தன. நான் ஒவ்வொரு முறையும் மூன்றாவது குரலுக்காகக் காது கொடுத்திருந்தேன். அவன் ஒருமுறை சொன்னால் போதும் என்றிருந்தது. என்னையும் தன்னோடு சேர்த்து எண்ணுகிறான் என்பதற்கு எனக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

அவனிடம் அன்பு குறைந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில், தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் எடுத்து, நான் பிள்ளைகளின் கொப்பி திருத்த விளக்குக்கு ஊற்றித் தருவான். ஒருநாள் தோட்டத்தில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தபோது அவனிடம் நேரே கேட்டேன்: "நியாயத்தீர்ப்பு நாளிலை தள்ளப்பட்ட ஆக்களோடை நான் இடப்பக்கம் நிக்கிறதைப் பாத்துக்கொண்டு நீ சந்தோஷமாய்ப் போவியோ?"

அவன் வெங்காயப் பிடியைக் கீழே வைத்தான். "நீங்கள் அங்கை நிண்டால் நான் திரும்பிப் பாக்காமல் போவனெண்டு நினைக்கிறியளோ? அதுக்குத்தானே அக்கா இப்பவே கெஞ்சிறன்." கண் கலங்கியிருந்தது. "வெங்காயம்," என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தம் வருகையால் ஒரே வீட்டார் பிரிந்து நிற்பார்கள் என்று ஆண்டவர் சொன்னதைச் சிறுவயதில் கோயிலில் கேட்டபோது, அது வேறு யார் வீட்டுக்கோ உரியது என்றே எண்ணியிருந்தேன்.

தொண்ணூற்றிரண்டில் அம்மா போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு என் ஜெபத்தின் முடிவில் என் குரல் மட்டுமே கேட்டது. தம்பி தன் ஜெபத்தை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்: அத்தனை ஆண்டுகளில் ஒருநாளாவது, "இண்டைக்கு நீ ஜெபி தம்பி" என்று நான் அவனிடம் சொன்னதில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் வீடுகளை விட்டு எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடக்க மட்டும் பாதி நாள் எடுத்தது. அவன் சைக்கிளைத் தள்ளினான். நான் அதன் கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. சில கிழமைகளின் பின் அவனுடைய சபையார் கிளாலி வழியாகப் படகில் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போக முடிவெடுத்தார்கள். என் முழங்கால் அதற்கு இடம் தரவில்லை. அவன் போகத்தான் வேண்டும் என்று நானே சொன்னேன்.

புறப்படுகிற காலை, பள்ளிக்கூட வாசற் படலையடியில் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி, "ஒருக்கா ஜெபிக்கட்டே அக்கா?" என்று கேட்டான். தலையாட்டினேன். அவன் வாய்விட்டு ஜெபித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதில் அலங்காரம் எதுவும் இல்லை.

"ஆண்டவரே, என்ரை அக்காவை உம்மடை கையிலை விட்டிட்டுப் போறன். அவ இன்னும் உம்மை அறியேல்லை. அவவை இரட்சியும். அந்த நாளிலை என்னை மட்டும் கூப்பிட்டிடாதையும். ஆமென்."

சொல்லிவிட்டு அவன் நிமிரவில்லை. காத்திருந்தான்.

நான் ஆமென் சொல்லவில்லை. 'அறியேல்லை' என்ற சொல் நெஞ்சில் தைத்து நின்றது. அதற்கு ஆமென் சொன்னால் அப்பாவின் ஜெபத்தையும் என் வாழ்நாளையும் நானே தள்ளிவிட்டதாகும் என்று எண்ணினேன். "மழை வரப்போகுது, வெளிக்கிடு," என்றேன்.

"ஓம் அக்கா. போட்டு வாறன்."

அடுத்த மாசியில் வன்னியில் மலேரியாக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. செய்தி என் கைக்குக் கிடைத்தபோது அடக்கம் செய்து மூன்று கிழமை கடந்திருந்தது.

தம்மைக் கடைப்பட்டவர் என்றும் ஏதும் அறியாதவர் என்றும் சொல்லி இறைவன்முன் அழுதவர்களின் பாட்டை நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் படிப்பித்தேன். அவர்கள் சொன்னதைத்தான் என் தம்பியும் எனக்காகச் சொன்னான். பாட்டில் உருகிய மனம் படலையடியில் இறுகிவிட்டது. நியாயத்தீர்ப்பு நாளில் என்னிடம் முதலில் கேட்கப்படுவது எந்த ஞானஸ்நானம் பெற்றேன் என்பதாயிராது. அந்தக் காலையில் ஏன் ஆமென் சொல்லாமல் நின்றேன் என்பதாகவே இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

இன்றும் சாப்பாட்டுக்குமுன் பழைய தமிழிலேயே ஜெபிக்கிறேன். அது என்னை விட்டுப் போகாது. ஆமென் சொல்கிறேன். பிறகு, "அவவை இரட்சியும். அந்த நாளிலை என்னை மட்டும் கூப்பிட்டிடாதையும்" என்று அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்கிறேன். உடனே இரண்டாவது ஆமென் சொல்வதில்லை. சைக்கிளைப் பிடித்தபடி அவன் காத்துநின்ற நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் தலை குனிந்திருந்துவிட்டுச் சொல்கிறேன்.