அப்பாவுக்கு எத்தனை முட்டை

என் அத்தை ஒரு பெரிய மருத்துவமனையின் சமையற்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று அட்டை எழுதி ஒவ்வொரு தட்டிலும் செருகுவது அவள் வேலை. ஆளைப் பார்த்தாலே எடையைச் சொல்லிவிடுவாள்; ஒரு கிலோ முன்னே பின்னே இருந்தால் அதிகம். அதனால் சமையல்காரர்கள் அவளைத் 'தராசு அக்கா' என்றார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அவள் உதடு மெல்ல அசையும். பக்கத்தில் நிற்பவரை எடை போடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அப்பா அவளுடைய தம்பி. அச்சகத்தில் காகித உருளைகளை இறக்கி இயந்திரத்தில் ஏற்றும் வேலை. காலையில் நான்கு முட்டை சாப்பிடாமல் படியிறங்க மாட்டார். அத்தை கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தாள். ஆகவே அந்த நான்கு முட்டையைப் பற்றித் தினமும் ஒரு சண்டை.

"எழுபத்தெட்டு கிலோ ஆளுக்கு நாள் முழுக்க அறுபது, அறுபத்தஞ்சு கிராம் புரதம் போதும்டா. பருப்புல வருது, பால்ல வருது, மீன்ல வருது. இது எதுக்கு?"

"உன் நோயாளிங்க படுத்துக்கிட்டு இருக்காங்க. நான் உருளை தூக்கறேன் அக்கா!"

அம்மா என் தம்பியைச் சுமந்திருந்த மாதங்களில், அப்பாவின் பால் டம்ளரை அத்தை யாரையும் கேட்காமல் அம்மா பக்கம் நகர்த்தினாள். "அவ ரெண்டு பேருக்காகச் சாப்பிடறா. நீ ஒருத்தனே ரெண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடற." அப்பாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பள்ளி விடுமுறையில் சில நாள் அத்தையோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறேன். தீக்காய வார்டுக்குச் சிவப்பு அட்டை. மற்றவர்களுக்குப் போவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு புரதம். இரு கைகளிலும் கட்டுப்போட்டிருந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்கு அத்தையே ஊட்டினாள்.

"போதும்க்கா, வயிறு முட்டுது."

"இது வயித்துக்கு இல்லம்மா, தோலுக்கு. ஒண்ணுமே போடாம புதுத் தோல் எங்கிருந்து வரும்? இன்னும் ரெண்டே வாய்."

நீல அட்டை சிறுநீரக வார்டுக்கு. அந்தத் தட்டுகளில் பருப்பும் முட்டையும் பெயருக்குத்தான் இருக்கும்.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பாவின் கால்கள் வீங்கின. செருப்பு நுழையவில்லை. வெகுநாளாகக் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் சிறுநீரகங்களைப் பாதி தின்றுவிட்டது என்றார் டாக்டர். புரதத்தைக் குறைத்தால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். அன்று அத்தை வீட்டுக்கு வந்து, தன் கையெழுத்தில் ஒரு நீல அட்டை எழுதி அடுப்படியில் ஒட்டினாள். அன்றைக்குச் சண்டை நடக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான்கு முட்டை அரை முட்டை ஆயிற்று. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை மோசமாக வந்தபோது, அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, உரித்த இரண்டு முட்டைகளை மிளகுத்தூளில் புரட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"பலம் வேணாமா அக்கா?"

"நீ பலமா இருக்கணும்னுதான்டா குறைக்கறேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை வாங்கி, இரண்டு முட்டையையும் அவர் கண்ணெதிரிலேயே தின்று முடித்தாள். தண்ணீர் குடித்தாள். கடைக்காரரிடம், "இவனுக்கு இனிமே வெறும் டீதான்" என்றாள். மூவரும் வீடு திரும்பினோம். வாசலில் அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவர் ஏமாற்றவில்லை.

ஆறு வருடம் அப்படி ஓடியது. பிறகு சிறுநீரகங்கள் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த இயந்திரம் கழிவோடு சேர்த்து உடம்பின் சத்தையும் உறிஞ்சிவிடும். இனி அப்பாவுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. நீல அட்டையை அத்தை சுவரிலிருந்து பிய்த்தாள். காலையில் தட்டில் மூன்று முட்டையின் வெள்ளையும் ஒரு துண்டு மீனும் வந்தன.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா? கடைசியில நான்தான் ஜெயிச்சேன்."

"ஜெயிச்சுட்டடா" என்றாள் அத்தை. சமையற்கூடத்தில் ஆள் குறைந்த நாட்களில் நூறு முட்டை உரித்த கை அது. அன்றைக்கு அவள் உரித்த மூன்றிலும் வெள்ளை பிய்ந்து பிய்ந்து வந்திருந்தது.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவர்கள் இருவரும் ஜன்னலோர மேஜையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அப்பா திடீரென்று கேட்டார்: "சின்ன வயசுல வீட்டுல ஒரே ஒரு முட்டைதானே இருக்கும்? அது எப்பவும் எனக்குத்தான். உனக்குக் கோபமே வரலையா அக்கா?"

"ஆம்பளப் பிள்ளைக்குத்தான் பலம் வேணும்னு அம்மா சொல்லுவா. நானும் நம்பிட்டேன். அப்பதான் நான் வளர்ற வயசுல இருந்தேன். உன்னைவிட எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த அப்புறம்தான் தெரிஞ்சது."

"எனக்குக் கேக்கத் தோணலையே."

"நீ மூணு வயசுக் குழந்தைடா. சாப்பிடு, ஆறுது."

அப்பா அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒரு மழைக்காலக் காலையில் போய்விட்டார்.

அத்தைக்கு இப்போது எழுபத்தாறு வயது. என்னோடு இருக்கிறாள். நாற்பத்துமூன்று கிலோ. டீயில் தோய்த்த ரொட்டி போதும் என்பாள். வயதானால் தசை கரையும், இளவயதுக்காரர்களைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும் என்று நான் சொன்னால், "எனக்கேவா? போடி" என்கிறாள். அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பேச்சு சுவாரஸ்யத்தில் தட்டைக் காலி செய்துவிடுகிறாள். அதனால் தினமும் காலையில் பேச்செடுக்கிறேன்.