தொண்ணூற்றிரண்டாவது மீட்டரில் செம்பு

முக்கூடல் இசக்கிதுரைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊரில் இருபது வருசம் ஆழ்துளைக் கிணறு போட்டவன், பாறைக்குப் பயப்படுகிற ஆளா? இந்தோனேசியாவில், புகை கக்கும் மலைச்சரிவில், செம்பு தேடித் துளை போட வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்று காலை துளையின் தொண்ணூற்றிரண்டாவது மீட்டரிலிருந்து எடுத்த உருளைக் கல்லின் விரிசலில் செம்பு மினுங்குகிறது. சந்தோசப்பட வேண்டியவன் வியர்த்துப் போய் நின்றான்.

"ஏலே இசக்கி, சாதிச்சிட்டோம்லே!" என்று குதித்தார் பாறை நிபுணர் கைலாசம். அவரும் திருநெல்வேலிக்காரர்தான். முதல் இரண்டு துளையும் வெறுங்கல். இதுவும் அப்படியானால் முகாமை மூடச் சொல்லியிருந்தது கம்பெனி. அவர் சாட்டிலைட் போனில் தலைமை அலுவலகத்தை அழைத்தார்.

முந்தின நாள் சாயங்காலம், தொண்ணூறு மீட்டரில் தேய்ந்த துளைமுனையை மாற்றக் குழாய்களை வெளியே எடுத்திருந்தார்கள். ஆளில்லாத நேரம் பார்த்து, மனைவி முத்துராணி அம்மன் கோயிலில் வைத்து எடுத்துக் கொடுத்த, எந்திரம் வரைந்த செப்புத் தகட்டைச் சுருட்டி, கும்பிட்டுத் துளைக்குள் போட்டுவிட்டான் இசக்கிதுரை. கிணறோ வீடோ, தகடு போடாமல் எங்கள் பக்கம் எவன் மண்ணைத் தொடுவான்? அதற்காக, அட கிறுக்குப் பயலே, செம்பு தேடுகிற துளையிலா செம்பைப் போடுவாய்!

சொன்னால் பத்துப் பேர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிடும். திருட்டுத்தனம் பண்ணியதாகக் கைலாசத்தின் கழுத்தில்தான் கத்தி விழும். போனின் மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சார், போன வையுங்க! அது மலைச் செம்பு இல்ல. நாந்தான் தகடு போட்டேன்."

கைலாசம் போனை அணைத்தார். ஊசியால் விரிசலைக் கிளறினார். நகமளவு துண்டு வந்தது; அதில் எந்திரக் கோடு பாதி தெரிந்தது.

"என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியேலே," என்று அங்கனயே உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

மேலும் நாற்பது மீட்டர் இறக்கிப் பார்த்தார்கள். வெறுங்கல். முகாமை மூட உத்தரவு வந்த அன்று முத்துராணி போனில் கேட்டாள்: "தகட்டப் போட்டியளா? அம்மன் செம்பு குடுத்தாளா?"

"குடுத்தா. நாம போட்டதயே திருப்பிக் குடுத்துட்டா. ஞாயித்துக்கெழம வாரேன், எனக்கும் சேத்து ஒல வையி."