பொத்தானை அமுக்கியவர்

என்னைப் பெற்ற அத்தாவின் கை உடைந்ததுகூட எனக்கு ஆறிவிட்டது. அவரைப் பொய்யர் என்றார்களே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய அத்தா, காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவலாளியாக இருந்தார். வாசலில் மோட்டாரில் ஓடும் இரும்புக் கேட். ஒரு கல்யாணம் முடிந்து கேட்டை மூடும்போது, வாசலில் கட்டியிருந்த வாழைமரம் சரிந்து, கேட் ஓடும் தண்டவாளத்தில் விழுந்தது. அத்தா நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டு அதை இழுக்கக் குனிந்தார். கேட் நிற்கவில்லை. தூணுக்கும் கேட்டுக்கும் நடுவில் அவருடைய முன்கை சிக்கி எலும்பு முறிந்தது.

மண்டப மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னார்: "பாய் பட்டன அமுக்காமயே கைய விட்டுட்டாக. கேட்டுல ஒரு கோளாறும் இல்லைனு கம்பெனிக்காரக பாத்துட்டுச் சொல்லிட்டாக."

"நான் அமுக்குனேம்மா," என்றார் அத்தா என்னிடம். "அமுக்குன பொறவுதான் குனிஞ்சேன்."

நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திர இயக்கவியல் நடத்துகிறேன். மறுநாளே மண்டபத்துக்குப் போனேன். மேனேஜரோடு, கேட்டை மாட்டிய கம்பெனியின் இன்ஜினியரும் வந்திருந்தார். போன மாதம் பழைய மோட்டார் எரிந்துபோய்ப் புதியது மாட்டியதாகச் சொன்னார்.

"அதே கேட், அதே வேகம். மோட்டார் மட்டும்தான் வேற," என்றார்.

"புது மோட்டார் எவ்வளவு வேகமா சுத்துது?"

"பழசவிட ரெண்டு மடங்கு. அதுக்கேத்த மாதிரி கியரும் மாத்திட்டோம்ல."

எனக்குச் சுரீரென்றது. கேட் மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் மோட்டாருக்குள் சுழலும் பாகம் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழல்கிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் அதன் சுழற்சி உடனே அடங்காது. கியர் வழியாகக் கேட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியைக் கேட்டின் மேல் ஏற்றிய எடையாகக் கணக்கிட்டால் வருவதுதான் சமான நிறை. கியர் விகிதம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். பழைய மோட்டாரில் பிரேக் இல்லாமலே கேட் நின்றிருக்கும்; புதிய மோட்டாருக்குத் தனி பிரேக் வேண்டும். இவர்கள் வைக்கவில்லை.

சொன்னேன். இன்ஜினியர் சிரித்தார். "மேடம், உள்ள சுத்துற துண்டு கையில தூக்குற எடைதான். நீங்க சொல்றதெல்லாம் பரீட்சைக்கு எழுதுறது."

"மோட்டாரக் கழட்டி விடுங்க," என்றேன். மோட்டாரின் பிடியை விடுவித்தார்கள். இரண்டு பேர் கேட்டை வழக்கமான வேகத்தில் தள்ளிவிட, எதிரே நின்ற நான் கையை வைத்தேன். நின்றுவிட்டது. பிறகு மோட்டாரை இணைத்து, தூணோரம் ஒரு வாழைத்தண்டை வைத்து ஓடவிடச் சொன்னேன். கேட் நெருங்கியதும் மேனேஜரே பொத்தானை அமுக்கினார். அமுக்கிய பிறகும் அது போய்த் தண்டை நசுக்கிச் சாறு பிழிந்துவிட்டுத்தான் நின்றது.

"கேட்டோட எடைய என் ஒத்தக் கையி நிப்பாட்டுச்சு. மிச்ச எடை எங்கேருந்து வந்துச்சு? சொல்லுங்க."

இன்ஜினியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சத்தமில்லாமல் வந்து பிரேக் மாட்டினார்கள். மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "அதான் சரி பண்ணியாச்சுல்லம்மா, விடுங்க."

"கேட்டச் சரி பண்ணுனீக. எங்க அத்தா பேர யாரு சரி பண்ணுவா? வீட்டுக்கு வந்து அவுக மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

வந்தார். பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, நடந்தது நடந்து போச்சு என்று ஆரம்பித்தார். நான் நகராமல் நின்றேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பாய், நீங்க அமுக்கத்தான் செஞ்சிருக்கீக. நாங்கதான் இல்லைனுட்டோம்."

அத்தா கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார். அவ்வளவுதான். அவருக்கு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. அந்த இன்ஜினியர் இன்னும் வரவில்லை. நான் படித்த அதே பாடத்தைப் படித்துத் தேறியவர்தான் அவரும். தெரியாதவர் பிசகினால் பொறுத்துக்கொள்ளலாம். படித்த கணக்கைப் போட்டுப் பார்க்கச் சோம்பல்பட்டுவிட்டு, அந்தத் தப்பை ஒரு காவலாளியின் தலையில் கட்டியவரை நான் எதற்காக மன்னிக்க வேண்டும்?