விடுதி அறையில் பொங்கிய பால்

இரண்டு வருடத்துக்கு முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வெள்ளவத்தையில் கடல்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நடந்த சம்பவம் இது. என் மகளுக்குக் கொழும்புக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவளை ஒரு தனியார் பெண்கள் விடுதியில் சேர்க்க, யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி நாங்கள் இரண்டு பேரும் விடியப்புறம் வந்திறங்கினோம்.

மூட்டை கட்டிய கதையை முதலில் சொல்லவேண்டும். ஒரு கிழமையாக வீட்டில் நான் வைப்பதும் அவள் எடுப்பதுமாகவே இருந்தது. மிளகாய்த்தூள் போத்தலை நான் வைத்தால் அவள் எடுத்து அலுமாரிக்கு மேல் வைப்பாள். அவள் குளிக்கப் போனதும் திரும்பவும் பெட்டிக்குள் போகும். பனங்கிழங்கு ஒடியல் மா, நல்லெண்ணெய், தடிமன் காய்ச்சலுக்கென்று கொத்தமல்லி, எல்லாவற்றுக்கும் சண்டை.

"அம்மா, நான் படிக்கப் போறன். கடை போடப் போகேல்ல" என்றாள்.

முக்கால்வாசியில் அவள்தான் வென்றாள். ஆனால் ஒரு சாமான் மட்டும் அவளுக்குத் தெரியாமல் உள்ளே போனது. தண்ணீர் கொதிக்கவைக்கிற எங்கள் வீட்டுக் கரண்ட் கேத்தில். அறைக்குள் கேத்தில், ஹீட்டர் ஒன்றும் பாவிக்கக்கூடாது, பிடிபட்டால் அறை இல்லை என்று விடுதிக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தார்கள். வாசித்தேன். நன்றாக வாசித்துவிட்டுத்தான் அதைத் துவாய்க்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

பால் காய்ச்சாமல் பிள்ளையை ஒரு புது இடத்தில் குடியிருத்த எனக்கு மனம் வரவில்லை. அறை சின்னதாக இருக்கலாம், வாடகைக்கு இருக்கலாம், ஆனால் நாலு வருடம் அவள் படுத்தெழும்பப் போகிற இடம். பொங்கி வழிகிறதை என் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாக ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

விடுதிக்காரர் பத்துக்குப் பிறகுதான் வரச் சொல்லியிருந்ததால், உள்ளே போகும்போது பத்து மணி தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். என் பதற்றம் உங்களுக்கு விளங்கும். விடுதியைப் பார்க்கிற மேட்ரன் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண்மணி, கண்டிப்பானவர். கீழே குசினியில் பால் காய்ச்சலாமோ என்று அவரிடம் கேட்கத்தான் போனேன். அங்கே சமையல்கார அம்மா பெரிய சட்டியில் மீன் வைத்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்தாத குறையாக, வாய் திறக்காமல் மேலே வந்துவிட்டேன்.

மகளின் பக்கத்து அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பத்து மணிக்கு ஒன்லைனில் வேலைக்கான நேர்முகம், தயவுசெய்து சத்தம் போடவேண்டாம் என்று எழுதியிருந்தது. ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நானும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தேன்.

கேத்திலைக் கண்டதும் மகளுக்கு முகம் கறுத்துவிட்டது. "அம்மா, என்ன விசர் வேலை இது?" என்றாள். ஐந்து நிமிசம், ஒருத்தருக்கும் தெரியாது என்று அவளின் வாயை மூடினேன். பால் வழியவேண்டுமே, அதனால் வரும் வழியில் வாங்கிய பாலை விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். பொங்குவது தெரியவேண்டுமே, அதனால் மூடியைத் திறந்து வைத்தேன். எக்ஸ்டென்ஷன் வயரில் பிளக்கைச் சொருகிவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நின்றேன். பால் நுரைத்து எழும்பியது, நாலு பக்கமும் வழிந்தது, பிள்ளையாரே என்று நான் சொல்லி முடிக்கவில்லை, படாரென்று ஒரு சத்தம். விசிறி நின்றது. முழு வீட்டுக்கும் கரண்ட் போய்விட்டது.

அடுத்ததாக நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கேத்திலைக் கழற்றி அலுமாரிக்குள் ஒளித்தேன். மேசையைத் துவாயால் துடைத்தேன். ஒன்றும் நடக்காததுபோலக் கட்டிலில் போய் இருந்தேன்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஒரு பிள்ளை லப்டொப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடைக்கு ஓடிவந்தாள். வைஃபை போய்விட்டது, அந்தப் பின்பக்க அறைகளில் போன் டேட்டாவும் எடுக்காதாம். வெள்ளைச் சட்டை, வடிவாக வாரிய தலை, காதில் சின்னத் தோடு, அதற்குக் கீழே வீட்டில் போடுகிற பாவாடை. கமராவுக்குத் தெரிகிற பாதிக்குத்தான் உடுத்தியிருந்தாள். யன்னல் யன்னலாகப் போனாள், படியில் இறங்கினாள், திரும்ப ஏறினாள். "ஆண்ட்டி, லைட் எப்ப வரும்? என்னோட இன்டர்வியூ பாதியில நிக்குது" என்று கீழே பார்த்துக் கூப்பிட்ட குரல் உடைந்துபோயிருந்தது.

கீழே மேட்ரன் மெயின் சுவிட்சைத் தூக்கத் தூக்க அது விழுந்துகொண்டே இருந்தது. அப்போது எனக்குக் காரணம் விளங்கவில்லை. பால் குடித்த எக்ஸ்டென்ஷன் வயர் சுவரில் அப்படியே சொருகிக் கிடந்தது. அதைக் கழற்றவேண்டும் என்ற அறிவுகூட வரவில்லை. வாயைத் திறந்தால் என் பிள்ளைக்கு அறை போய்விடும் என்ற ஒரே நினைப்புத்தான். அந்தப் பிள்ளை நடையில் அந்தரப்பட்டு ஓடித் திரிந்ததை அரைக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு, அசையாமல் இருந்தேன். எத்தனை நிமிசம் போயிருக்கும்? ஐந்தோ, ஏழோ.

மகள்தான் கடைசியில் என் கையைப் பிடித்தாள். "அம்மா, போய்ச் சொல்லுங்கோ. அறை போனாப் போகட்டும்."

இறங்கிப் போய்ச் சொன்னேன். மேட்ரன் மேலே வந்து அந்த வயரைப் பிடுங்கினார். பிறகு தூக்கிய சுவிட்ச் விழாமல் நின்றது, விசிறிகள் சுற்றின, பக்கத்து அறைக் கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான் வேலை. முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நிமிசத்தில் முடிந்திருக்கும்.

"ரூல்ஸ் அனுப்பினேன்தானே? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. வீடு பத்தியிருந்தா நான் இருபது பிள்ளைகளோட தாய்மாருக்கு என்ன பதில் சொல்றது?" என்று மேட்ரன் கேட்டார். சாமான்களைக் கட்டச் சொன்னார். மகள் அப்போதுதான் விரித்த படுக்கை விரிப்பைத் திரும்ப மடித்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து நான் அழுதேன். ராகுகாலம் எப்போதோ தொடங்கியிருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து அந்தப் பிள்ளை அழுது சிவந்த கண்ணோடு வந்து வாசலில் நின்றாள். எழும்பி நின்று இரண்டு கையையும் பிடித்து, என்னை மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன். ஏசுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எங்கம்மா வந்திருந்தா அவங்களும் இதத்தான் செஞ்சிருப்பாங்க ஆண்ட்டி" என்றாள். பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவளாம். "நான் வந்தப்ப அம்மாவுக்கு லீவு கெடைக்கல. ஒரு பேக்கோட தனியாத்தான் வந்தேன். எனக்கு யாரும் பால் காய்ச்சல."

சொல்லிவிட்டு, நடையில் நின்ற மேட்ரனிடம் திரும்பினாள். கம்பனிக்காரர் நேர்முகத்தைத் தொடர விட்டார்கள், தனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, இந்தத் தங்கச்சியை அனுப்பவேண்டாம் என்று கேட்டாள். நட்டப்பட்டவளே கேட்கும்போது மேட்ரன் என்ன செய்வார்? கேத்திலை என்னோடு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். பிறகு படியில் நின்றபடி சமையல்கார அம்மாவிடம், அந்த மீன் சட்டியை ஒருக்கால் இறக்கி வையுங்க என்று சத்தம் போட்டார்.

அதே குசினியில், அதே அடுப்பில், நல்ல ராகுகாலத்தில், மீன் மணத்துக்கு நடுவில் மிச்சம் இருந்த பாலைக் காய்ச்சினேன். இந்த முறை இரண்டு பிள்ளைகளுக்காக. பொங்கி வழிந்தபோது அவள் சின்னப்பிள்ளைபோலக் கைதட்டினாள். முதல் கப்பை அவளுக்குத்தான் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து மகள் போனில் சொன்னாள், அந்தப் பிள்ளைக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. உடனே அவளோடு கதைத்தேன். அதுக்கும் கரண்ட் போனதுக்கும் சம்பந்தமே இல்ல ஆண்ட்டி, அனுபவம் உள்ளவங்களத்தான் எடுத்தாங்க என்று சிரித்தாள். பிறகு வேறொரு இடத்தில் வேலை கிடைத்து, இப்போது தெமட்டகொடைப் பக்கம் அறை எடுத்து இருக்கிறாள். தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பினால் மறக்காமல் போன் எடுத்துக் கதைப்பாள். அவள் சொன்னது உண்மையா, என் மனம் நோகக்கூடாதென்று சொன்னதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. ஒன்று மட்டும் தெரியும். என் பிள்ளைக்கு ஓர் அறை போய்விடும் என்ற பயத்தில் அவளின் அந்தரத்தைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன், அவளோ அழுத கண்ணைத் துடைத்துவிட்டு என் பிள்ளைக்காகப் பேச வந்தாள். இருபத்தைந்து வயதில் அவளிடம் இருந்த அந்த மனம், ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இருக்கவில்லை.