மெதுவாகப் பேசச் சொன்னவர்கள்

நான் நீல நிறம் என்று சென்னையிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் சொன்னார். அதைச் சொல்வதற்கு அவருக்குக் கடற்கரைப் பக்கம் நல்ல ஓட்டலில் ரூம், ஏசி கார், போகும்போது ஒரு சால்வை. இத்தனை வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தச் சால்வையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2005, 2006 வாக்கில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் சேதராப்பட்டில், ஷாம்பு பாக்கெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். முதலியார்பேட்டையிலிருந்து காலையில் கம்பெனி பஸ். தகரக் கூரை போட்ட நீளமான ஹால், அதில் வரிசையாக மெஷின்கள். சுருளிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் தாளுக்குள் ஷாம்புவை ஊற்றி, சூடான இரண்டு இரும்புத் தாடைகள் கடித்து ஒட்டி, வெட்டிக் கீழே தள்ளும். அதைப் பெட்டியில் அடுக்குவது பெண்கள் வேலை. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே காதருகில் போக வேண்டும்.

ஷிப்டுகளுக்கு இடையே ஓயாத சண்டை. மெஷின் பழசு, ஆள் பற்றாக்குறை, அதனால் சண்டை. தலைமை அலுவலகம் வேறு மாதிரி முடிவு செய்தது. எங்களுக்கு ஒருவரோடு ஒருவர் பேசத் தெரியவில்லையாம். அதற்குத்தான் அந்தப் பயிற்சியாளர் வந்தார்.

கேள்வித்தாள் கொடுத்தார். டிக் அடித்தோம். அவர் கூட்டிப் பார்த்து ஆளுக்கொரு நிறம் சொன்னார். அதிரடியாகப் பேசினால் சிவப்பு, கலகலப்பாக இருந்தால் மஞ்சள், அமைதியென்றால் பச்சை, யோசித்து அளந்து பேசினால் நீலம். எதிரில் இருப்பவர் என்ன நிறமோ அதற்கேற்றபடி நாம் பேச வேண்டும். அவ்வளவுதான் பாடம். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. மாமியாரிடம் ஒரு மாதிரி, மளிகைக் கடைக்காரரிடம் ஒரு மாதிரி என்று எல்லாரும் தினமும் செய்கிற காரியம்தானே. யார் யாருக்கு ஏற்றபடி மாற வேண்டும் என்ற இடத்தில்தான் வந்தது வினை.

எங்கள் மேனேஜருக்குச் சிவப்பு வந்தது. வாயைத் திறந்தால் நாயே பேயே என்று பேசுகிற மனிதர். பயிற்சியாளர் கை குலுக்கி, "சிவப்புன்னா தலைவர்கள் சார். உங்கள மாதிரி ஆளுங்கதான் முடிவெடுப்பாங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் கேன்டீனில் தொழிலாளர்களுக்கு வகுப்பு. அங்கே ஒரு பெண்ணுக்கும் அதே சிவப்பு வந்தது. பயிற்சியாளர் முகத்தைச் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க கொஞ்சம் அடக்கிப் பேசப் பழகணும்மா. கேக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?"

அந்தப் பெண் வைத்திக்குப்பத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் படகில் போகிறவர். அக்கா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கரையில் மீன் விற்றவர். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. எங்கள் ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற ஒரே குரல் அவருடையதுதான். தாள் சிக்கி மெஷின் நின்றால், ஃபிட்டர் கையை உள்ளே விட்டு எடுப்பார். மெஷினின் மறுபக்கம் நிற்கிற ஆபரேட்டருக்கு அது தெரியாது. "டேய், கை உள்ள இருக்குது, பட்டன் மேல கை வெக்காத!" என்று அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டே கத்துவார். எல்லாரும் அந்தக் கத்தலை நம்பித்தான் வேலை செய்தோம்.

அப்படி நம்ப வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது. தாடைகளுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அதில் ஒரு சுவிட்ச்; கதவைத் திறந்தாலே மெஷின் நின்றுவிடும், மூடாமல் ஓடாது. கதவைத் திறந்து மூடி மறுபடி ஓட்டுவதில் நேரம் போகிறது என்று மேனேஜர் அந்த சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டச் சொல்லிவிட்டார். கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும்.

வகுப்பு முடிந்து கொஞ்ச நாளில், சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியின் ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மேனேஜர் டை கட்டிக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மெஷினில் தாள் சிக்கியது. ஃபிட்டர் கையை விட்டார். அக்கா கத்தினார். "அந்த டேப்ப பிச்சுப் போடுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? எவன் கையாவது போனாத்தான் புத்தி வருமா உங்களுக்கு?"

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் சிரித்தார்.

அவர்கள் போனதும் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் நிற்கச் சொன்னார். ஆச்சரியம், அன்றைக்கு அவர் கத்தவில்லை. வகுப்பில் கற்ற பாஷையில் பேசினார்.

"உங்க ஸ்டைல் சிவப்பு. எனக்குப் புரியுது. ஆனா மத்தவங்க அதனால ஹர்ட் ஆவறாங்க. இனிமே எதுவா இருந்தாலும் அந்த ஆள்கிட்ட நடந்து போயி, மெதுவா, தனியா சொல்லணும். இன்னொரு தடவை ஹால்ல உங்க சத்தம் கேட்டா சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும்."

"சார், அந்த டேப்பு..." என்றேன்.

"நாம இப்ப பேசறது கம்யூனிகேஷன் பத்தி மேடம். டேப் பத்தி இல்ல."

அக்காவை மெஷின்களிலிருந்து தள்ளி, கடைசி மேஜைக்கு மாற்றினார்கள். அவர் குரலைக் கேட்பதே அபூர்வமானது. பஸ்ஸில்கூட ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இன்னாக்கா, ஒண்ணும் பேச மாட்டேன்றீங்க?" என்று கேட்டால், "பேசுனா கலர் சொல்றானுங்கோம்மா" என்பார். மேனேஜர் மட்டும் வழக்கம்போல ஹால் நடுவில் நின்று ஆபரேட்டர்களின் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைவராயிற்றே.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் சாயந்திரம் அது நடந்தது. ஃபிட்டர் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன்; கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாள் சிக்கியது. கதவைத் திறந்து கையை விட்டார். மறுபக்கம் ஆபரேட்டர் ஷிப்டு மாறி வந்த புதிய ஆள். பட்டனை அழுத்தினார். நான் மேஜையில் குனிந்து பாக்கெட் சோதித்துக்கொண்டிருந்தேன். முதலில் அக்காவின் குரல் கேட்டது, "கை!" என்று. அதோடு சேர்ந்தே ஃபிட்டரின் அலறலும் கேட்டது.

வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. மீதி விரல்களும் வெந்து போயிருந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் பாத்தேம்மா. அவன் கைய விடறதையும் பாத்தேன், இவன் பட்டனாண்ட போறதையும் பாத்தேன். கத்தலாமா, வேணாமான்னு ஒரு நொடி நின்னுட்டேன். வாய் வரைக்கும் வந்து நின்னுடுச்சும்மா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மேனேஜர் அறையில் அவர், மேனேஜர், அக்கா, ஷிப்டில் இருந்தவள் என்ற முறையில் நான். அதிகாரி அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி: "நீங்க பாத்திருக்கீங்க. ஏன் உடனே எச்சரிக்கை பண்ணல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"இவங்க அலட்சியமா இருந்திருக்காங்க சார்" என்றார் மேனேஜர். "சஸ்பெண்ட் பண்றதுதான் சரி."

நான் எழுந்ததே எனக்குத் தெரியவில்லை. "கத்துனா சஸ்பெண்ட் பண்ணுவேன்னு இதே ரூம்ல சொன்னீங்க. இப்ப கத்தலன்னு சஸ்பெண்டா? அவங்க வாயை நீங்க கட்டினீங்க சார். அந்த டேப்ப ஒட்டச் சொன்னதும் நீங்கதான். ரெண்டுக்கும் பதில் சொல்லுங்க."

"கத்தறது வேற, எச்சரிக்கிறது வேற..."

"அந்த ஹால்ல ரெண்டும் ஒண்ணுதான். வேணும்னா மெஷின் ஓடறப்ப போயி மெதுவா எச்சரிச்சுப் பாருங்க. யாருக்குக் கேக்குதுன்னு நானும் பாக்கறேன்."

மேனேஜர் அதிகாரியைப் பார்த்து வருத்தமாகப் புன்னகைத்தார். பிறகு என்னிடம், "மேடம், நீங்க நீலம். இப்படி உணர்ச்சிவசப்படறது உங்க ஸ்டைல் இல்லையே" என்றார்.

என் வாழ்க்கையில் ஒருவரை அறைய வேண்டும் என்று கை எழுந்தது அந்த ஒரு முறைதான். அறையவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, டீ நேரத்தில் கேன்டீனில் இருந்த எல்லாரிடமும் உள்ளே நடந்ததை அப்படியே சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை.

டீ நேரம் முடிந்து மணி அடித்தது. ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை. ஆபரேட்டர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். இருட்டும் முன் அதிகாரியே வந்து, சஸ்பெண்ட் கிடையாது, மறுநாள் எல்லா மெஷினிலும் டேப்பை எடுத்துவிடுவோம் என்று சொன்னார். எடுத்தார்கள். ஃபிட்டருக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். அந்த அளவுக்கு ஜெயித்தோம்.

அக்காவின் தொண்டை மட்டும் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து மேனேஜரே அவரைக் கூப்பிட்டு, பெரிய மனது பண்ணுவதுபோல, "இனிமே பாதுகாப்பு விஷயம்னா நீங்க தாராளமா கத்தலாம்" என்று அனுமதி கொடுத்தார். "இப்ப வரமாட்டேன்னுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டார்.

அடுத்த கோடையில் மேனேஜர் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். வழியனுப்பு விழாவில், மனிதர்களைப் புரிந்துகொண்டு பேசும் கலையை இந்தத் தொழிற்சாலைதான் தனக்குக் கற்றுக்கொடுத்தது என்று பேசினார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா பலமாகக் கை தட்டினார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"இந்தாளுக்குப் போயி எதுக்குக்கா தட்டறீங்க?"

"போறான்ல" என்றார் அக்கா. "அதுக்குத் தட்டறேன்."