சாமிக்குச் சூட்டிய லில்லி

என் அண்ணியை நினைக்கும்போதெல்லாம், நனைந்த வெள்ளைப் பூனைக்குட்டியொன்றை மார்போடு இறுக்கிக்கொண்டு கிணற்றடியில் அவர் அமர்ந்திருந்த கோலமே முதலில் கண்முன் எழுகிறது. வெள்ளிக்கிழமைப் பூசைக்காகத் தலைமுழுகி, துவைத்த சேலை உடுத்தியிருந்தார். அந்தச் சேலையெல்லாம் சேறு, முன்கைகளில் நகக்கீறல்கள். அவரோ பூனையின் முதுகு மயிரை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதுளைக் கடைவீதியில் எங்கள் அரிசிக் கடையும் அதன் பின்கட்டில் வீடும் இருந்தன. அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு எங்கள் கடையிலிருந்துதான் மூட்டைகள் வண்டியேறும். மூட்டை இருக்குமிடத்தில் எலி இருக்கும். ஆகவே பூனையும் இருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து மருமகளாக வந்த அண்ணிக்கு, குளிரும் மூடுபனியும் புதிய முகங்களுமாயிருந்த அந்த வீட்டில் முதலில் உறவானது அந்தப் பூனையே. எங்களோடு தயங்கித் தயங்கிப் பேசியவர், அதனிடம் மட்டும் ஊர்க்கதையெல்லாம் சொல்வார்.

அந்நாளில் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பங்களாத் தோட்டக்காரர், லில்லிக் கிழங்குகள் சிலவற்றை அப்பாவுக்குக் கொடுத்தார். முற்றத்தில் அவை பெரிய வெண்பூக்களாக மலர்ந்தபோது, அப்பா வாடிக்கையாளர்களை உள்ளே அழைத்துக் காட்டினார். அம்மாவோ முதற்பூவிலிருந்தே அவற்றை முருகனுக்குரியவையாக்கிவிட்டார். சாமிக்குச் சூட்டிய பூ காலில் மிதிபடலாகாது என்பது எங்கள் வீட்டு ஒழுக்கம். வாடியவற்றை எடுத்து, யார் காலும் படாத மூட்டை அறை மூலையில் ஒரு கூடையில் சேர்த்து, ஆற்றுக்குப் போகும் நாளில் நீரில் விடுவோம். மனிதர் கால் படாத மூலை என்பதால் பூனைக்கும் அதுவே விருப்பமான படுக்கையாயிற்று. பக்தியோடு நாங்களே விரித்துக் கொடுத்த மெத்தை அது.

முதற்பூனை அந்தப் பருவத்திலேயே நோயுற்றது. வாந்தி எடுத்தது, தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே குனிந்து உட்கார்ந்து, குடிக்காமலே நீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிறுநீர் நின்றுபோயிற்று. அண்ணியின் மடியிலேயே இறந்தது. அடுத்த கடைக்காரர் எலிக்கு வைத்த மருந்தைத் தின்றிருக்கும் என்று எல்லோரும் முடிவுசெய்தோம். அண்ணி மட்டும் அதை ஏற்கவில்லை. புதைப்பதற்குமுன் அதன் முகத்தைத் துடைத்தபோது, துணியில் மஞ்சள் கறை ஏறியதைக் கண்டிருந்தார். முருகன் படத்தின்கீழ் விரித்திருந்த வெள்ளைத் துணியிலும் அதே கறை, லில்லிப் பூந்தாது உதிர்ந்த கறை.

“அத்தை, அந்தப் பூவ மட்டும் சாமிக்கு வேணாங்க. இப்ப குட்டியும் அந்தக் கூடையிலதான் போய்ப் படுக்குது” என்றார், இறந்த பூனையின் குட்டியைச் சுட்டி.

“சாமி மேல கெடந்த பூவுல வெசமா? வாயக் கழுவுடி” என்றார் அம்மா.

அண்ணி கூடையை மூடிவைத்தார். வாடிய பூவை அடைத்துவைக்கக் கூடாதென்று அம்மா திறந்துவைத்தார். இப்படியே நாட்கள் நகர்ந்தன. அந்த வெள்ளிக்கிழமை, கூடையிலிருந்து சோம்பல் முறித்து எழுந்த குட்டியின் வெண்முதுகில் மஞ்சள் அப்பியிருந்தது. அது நாக்கை நீட்டித் திரும்புவதற்குள் அண்ணி பாய்ந்து பிடித்தார். கிணற்றடியில் சீயக்காய் போட்டுத் தேய்த்து, குடங்குடமாக ஊற்றினார்.

“பூச நேரத்துல பூனையத் தொட்டுத் தீட்டாக்கிட்டியே! புள்ளய பெத்துக் குளிப்பாட்டுற வயசுல பூனையக் குளிப்பாட்டுறா!” அம்மாவின் சொல் முள்ளாகத் தைத்தது.

அண்ணி நிமிரவில்லை. “புள்ளன்னா இப்படியாங்க அத்தை கீறும்?”

“கீறும்டி. ஒம் புருசன் கீறுன தழும்பு என் கன்னத்துல இருக்கு, வந்து பாரு.”

அந்த நிலையிலும் அண்ணி சிரித்துவிட்டார். சிரித்த வாயிலேயே அழுகையும் வந்தது. “கொஞ்சம் நக்கிருச்சுங்க அத்தை. நான் பாத்தேன். இதுவும் போயிருமா?”

அம்மா மூட்டை அறைக்குள் சென்று, பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு, ஆற்றுக்குரிய நாள் அன்றல்ல என்பதையும் பாராமல் நடந்தார்.

அதன்பின் எத்தனையோ நூல்களில் தேடிவிட்டேன். லில்லி பூனைக்கு ஆகாதென்று எழுதியவர் எவரையும் நான் காணவில்லை. ஆயினும் இன்று என் முற்றத்தில் ரோசாவும் செம்பருத்தியுமே நிற்கின்றன. லில்லிக் கிழங்கு கொண்டுவந்து தருகிறோம் என்பவர்களிடம், வீட்டில் பூனை இருக்கிறது என்று மட்டும் சொல்லுவேன். அண்ணியின் கண்ணை நம்புவதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

ஈரம் துவட்டிய குட்டியை அன்று சமையலறை அடுப்பருகே விட்டோம். அது பாலைத் தொடவில்லை. சுருண்டு படுத்தது. அண்ணியும் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆற்றிலிருந்து திரும்பிய அம்மா, எதையோ தேடுகிறவரைப்போல அடிக்கடி அங்கே வந்து போனார். மறுநாள் காலை குட்டி எழுந்து தள்ளாடி நடந்து, அம்மா மடித்துவைத்திருந்த பூசைச் சேலைமேல் ஏறி, கால்களை அகற்றிக் குந்தியது. ஈரம் பரவுவதைக் கண்டு அண்ணி பதறி அதைத் தூக்கப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தூக்காதடி. முழுசாப் போகட்டும்.”