மிசோபே வீட்டார் சிரித்த நாள்

இவதானி கிராமத்தில் டிசம்பர் முதல் ஞாயிறன்று சிரிக்காமல் யாரும் வீடு திரும்ப முடியாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூத்த தலைமுறையில் ஒருவர், இளைய தலைமுறையில் ஒருவர் வந்து எதிரெதிரே மண்டியிட்டு உட்கார வேண்டும். கையில் இலைக்கொத்தைப் பிடித்தபடி மூன்று முறை சிரிக்க வேண்டும். விளைந்ததற்கு ஒன்று, விளையப்போவதற்கு ஒன்று, ஆண்டின் துக்கத்தை இறக்கிவைக்க ஒன்று. சிரிப்பு பொய் என்று பட்டால் நடுவர் தாம்பாளத்தைத் தட்டுவார். மறுபடி சிரிக்க வேண்டும்.

மிசோபே ஹருனோ கூட்டுறவு அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கும் வண்டி ஓட்டுபவள். ஹகாதா துறைமுகத்துப் பெண். அவள் வாய்க்குப் பயந்து லாரி ஓட்டுநர்கள் வரிசை மாறாமல் நிற்பார்கள். ஆனால் மாமனார் செய்ஜிரோவிடம் அவள் நேரடியாக ஒரு வார்த்தை கிண்டல் பேசியதில்லை. அவரும் அப்படியே. அவளுடைய குத்தலைக் கணவன் யசுஹிகோ தோட்டத்துக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் சொல்வான். அவர் கொடுக்கும் பதிலடியைச் சமையலறைக்குக் கொண்டுவருவான். இரண்டு பேருக்கும் நடுவே அவன்தான் தபால்காரன்.

போன வருடம் கோடையில், பாலத்தில் நடந்த விபத்தில் யசுஹிகோ இறந்தான். தபால் நின்றது. அந்த வீட்டில் பிறகு கேட்டதெல்லாம் கிண்ணம் வைக்கும் சத்தம்தான்.

துக்க வருடம் முடிந்து இந்த ஆண்டுதான் இருவரும் சடங்குக்கு வந்தார்கள். அதுவே கடைசித் தடவை என்றும் பேச்சு. ஹகாதாவில் அக்கா வேலை பார்த்து வைத்திருந்தாள். புத்தாண்டு கழிந்ததும் ஹருனோ கிளம்புகிறாள். அடுத்த வருடம் சடங்கைத் தன் கூடத்தில் நடத்தும் முறை மிசோபே வீட்டுக்கு. இளையவர் இல்லாத வீடு அதை நடத்த முடியாது, வரிசையிலிருந்தே விலகிவிட வேண்டும். அதை இன்று எல்லார் முன்னாலும் சொல்லத்தான் செய்ஜிரோ வந்திருந்தார். போகாதே என்று அவர் அவளிடம் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர்கள் முறை வந்தது. முதல் சிரிப்பு. தாம்பாளம் அலறியது. மறுபடி. மறுபடியும் அலறல்.

நடுவர் யமானே, செய்ஜிரோவோடு பள்ளிக்கூடம் போனவர். எழுந்து வந்து அவர் காதருகே தாம்பாளத்தைப் பிடித்தார்.

"டேய் செய்ஜி, இது சிரிப்பா? ஜலதோஷம் புடிச்ச ஆடுகூட இதைவிட நல்லாக் கத்தும்டா."

இரண்டு கிழவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அப்போதுதான் ஹருனோவின் கண்ணில் அது பட்டது. இந்தச் சடங்குக்கும் சாவுக்கும் மட்டுமே போடும் கறுப்பு மேலங்கி. நெஞ்சில் வெள்ளையாகக் குடும்பச் சின்னம். செய்ஜிரோவின் நெஞ்சில் யமானே வீட்டு இறகுகள். யமானேவின் நெஞ்சில் மிசோபே வீட்டு இலைகள். யசுஹிகோவின் சாவன்று புழுக்கத்தில் எல்லாரும் கழற்றிக் குவித்த அங்கிகள் மாறிப்போயிருந்தன!

அவள் உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது.

"என்னம்மா, வயித்துவலியா?" என்றார் யமானே.

"இல்லீங்க. மாமா... உங்க நெஞ்சைக் கொஞ்சம் பாருங்க."

செய்ஜிரோ குனிந்து பார்த்தார். நிமிர்ந்து யமானேவைப் பார்த்தார். கூடம் முழுக்க எட்டிப் பார்த்தது. பிறகு, தபால்காரன் யாரும் இல்லாமல், நேராக மருமகளிடம் கேட்டார்:

"அப்போ நீ யாரு வீட்டு மருமக?"

"நான் மிசோபே வீடுதான். நீங்கதான் யமானே வீடு. யாரோ ஒரு கிழவருக்கு இத்தனை நாளா வடிச்சுக் கொட்டியிருக்கேன்!"

"அதான் வழிப்போக்கனுக்குப் போடற மாதிரி கொஞ்சமாப் போட்டியா?"

"என் பொண்டாட்டி இதைக் கவனிக்கவே இல்லையே!" என்று யமானே அலறினார்.

"அவ ஏன் சொல்லப்போறா? நல்ல புருஷன் வந்துட்டான்னு சும்மா இருந்திருப்பா," என்றார் செய்ஜிரோ.

தேர்தல் கூட்டங்களையும் பேஸ்பால் இறுதிப் போட்டிகளையும் கேட்ட காதுகளுக்கும் அந்தச் சிரிப்புச் சத்தம் புதிது. முன்வரிசையில் வெடித்து, கூரை உத்தரத்தில் மோதி, பின்வரிசைச் சிறுசுகள் மேல் கொட்டியது. தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர் பாயில் சாய்ந்து, தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு திணறினார். அதையே இரண்டாவது சிரிப்பாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று யமானே கையால் காட்டினார். அவரால் பேச முடியவில்லை.

மூன்றாவது மிச்சம். துக்கத்தை இறக்குவது. கூடம் அடங்கியது.

"இது மட்டும் வராது, ஹருனோ."

"எனக்கும் வராது மாமா." இலைக்கொத்தைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள்: "இந்தக் கூத்தைப் பார்த்திருந்தா அவர் என்ன பண்ணியிருப்பார்?"

செய்ஜிரோ தன் நெஞ்சிலிருந்த இறகுச் சின்னத்தைத் தட்டினார்.

"சாவுக்கு வந்தவன் அங்கிய மாத்திப் போட்டுட்டுப் போறான்னு தெரிஞ்சிருந்தா, பெட்டிக்குள்ளயே எழுந்து உட்கார்ந்து சிரிச்சிருப்பான்."

அவள்தான் முதலில் சிரித்தாள். அது அழுகையாகி, திரும்பவும் சிரிப்பானது. அவரும் சேர்ந்துகொண்டார், பல் செட்டைக் கையால் பிடித்தபடி. அவர்களோடு வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் தலை குனிந்து, மழையைக் கேட்பதுபோல் கேட்டார்கள். யமானே தட்டும் கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் அவரே கேட்டார்: "அடுத்த வருஷம் மிசோபே வீடு. என்ன சொல்றீங்க?"

செய்ஜிரோ வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு மருமகளைப் பார்த்தார்.

"எங்க வீட்டுத் தரைப்பலகை உளுத்துக் கிடக்கு," என்றாள் ஹருனோ. "இத்தனை பேர் சிரிச்சா எல்லாரும் உள்ளே போயிடுவீங்க. பனி உருகினதும் நானே மாத்திடறேன். மாமா ஆணியைப் பிடிச்சா போதும்."

"சுத்தியல் உன் கையிலயா?" என்றார் செய்ஜிரோ. "அப்போ ஆணியை யமானே பிடிக்கட்டும்."